மூன்று சட்டைகள்

திகிற்கதை என்றதும் முகம் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உளர். அரபு இலக்கியம் அதனைத் தள்ளி வைத்ததில்லை. ‘ஆயிரத்தோர் இரவுகள்’ நூலில் மூன்று ஆப்பிள்களின் கதை ஒன்று உண்டு. திஜ்லா நதியில் கிழ மீனவர் வீசிய வலையில் ஒரு பெட்டி சிக்குகிறது. திறந்தால், வெட்டுண்ட பெண்ணுடல்! மூன்று நாள்களில் கொலைஞனைக் கொணராவிடில் தூக்கு என்று அமைச்சர் ஜஃபருக்கு ஆணையிடுகிறார் கலீபா ஹாரூன் ரஷீது. ஊரெல்லாம் தேடியும் துலங்காத மர்மத்தின் கடைசி முடிச்சு, அவ்வமைச்சரின் சின்னஞ்சிறு மகளது சட்டைப்பையில் இருந்த ஆப்பிளில் அவிழ்கிறது. துப்பறியும் கதை ஆங்கிலேயரின் சொத்தென்று எண்ணுவோர் இதனை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

இதனை இங்கு எடுத்துரைக்கக் காரணம், திரைப்படக் கல்வி பயிலும் நம் பேரிகை இளைஞர் மூவர் தம் குறும்படத்துக்கென ஒரு கதையை நம்மிடம் கொண்டுவந்ததேயாம். அவர்களுக்கு முன்மாதிரி ‘ஊமை விழிகள்’. 1986இல் வெளிவந்த அப்படம் அடையாறு திரைப்படக் கல்லூரியில் பயின்றோரின் ஆக்கம். ஆபாவாணன் கதை எழுத, அரவிந்தராஜ் இயக்கினார். பெண்கள் காணாமற்போகும் செய்தியைத் துருவிச் செல்லும் பத்திரிகையாளரின் கதை அது.

நம் இளைஞரின் களமோ பேரிகையேதான். மார்கழிப் பனி, ரோஜா வளரும் பசுமைக்குடில், இரவுக் காவலாளி ஒருவர் காணாமற்போகிறார். அருகே கருநாடக எல்லை. பூ ஏற்றிய வண்டிகள் ஓடும் சாலை. களம் நன்று என்றோம். குற்றவாளி யார் என்று வினவினோம். தாடியும் தொப்பியும் உடைய லாரி ஓட்டுநராம்!

“ஏன் அவர்?”

“பார்த்தவுடனே ஜனங்களுக்குப் பயம் வந்துவிடும், ஹஜ்ரத்” என்றான் கதையை எழுதியவன். அவன் தந்தையும் தாடி வைத்தவர், லாரி ஓட்டுபவர்.

பிறர் படங்களில் இவ்வுருவம் கண்டு நாம் பொருமியதுண்டு. 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்துக்குத் தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பைப் பலரும் மறந்திரார். இப்பொழுதோ நம் வீட்டுப் பிள்ளையின் எழுதுகோலிலேயே அது வந்து நிற்கிறது. நாம் கடிந்துகொள்ளவில்லை. கதையாகவே அது நொண்டி என்றோம். முகத்தைக் கண்டே ஆளை அறிந்துவிட்டால், எஞ்சிய இருபது நிமிடமும் எதற்கு?

பின்னர் திருமறையின் 12ஆம் அத்தியாயத்தை விரித்தோம். யூசுப் நபி (அலை) அவர்களின் சரித்திரத்தில் மூன்று சட்டைகள் வருகின்றன. முதலாவதில் பொய்யிரத்தம். ஓநாய் தின்றது என்றனர் சகோதரர். அவ்வளவு பசித்த ஓநாய் சட்டையை மட்டும் கிழிக்காமல் விட்டதோ என்று விரிவுரையாளர் கேட்பர். இரண்டாவது, பின்புறம் கிழிந்தது. முன்புறம் கிழிந்திருந்தால் அம்மையார் கூற்று மெய், பின்புறமாயின் பொய் என்று வழி சொன்னவர் அவர் குடும்பத்தவரே. மூன்றாவதோ, அழுதழுது ஒளியிழந்த யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்களுக்குப் பார்வை தந்தது. தீர்ப்பு முகத்தைப் பார்த்து அன்று, துணியைப் பார்த்து. அதனினும் நடுக்கம் தருவது ஒன்றுண்டு. சான்று தெளிந்த பின்னும் யூசுப் நபி (அலை) சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். திகில் என்றால் அதுவன்றோ திகில் என்றோம். மூவரும் வெகுநேரம் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் கதை மாறி வந்தது. ஓட்டுநர் இப்பொழுது ஊரார் சந்தேகிக்கும் மனிதர். அவரை விடுவிக்கக்கூடியது, பசுமைக்குடிலில் ஈரமண்ணில் கிடக்கும் ஓர் எடைச்சீட்டு. அதனைக் கண்டெடுத்தவர் மறைக்கிறார். சீட்டு தமிழில் இருப்பதா, கன்னடத்தில் இருப்பதா என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. கன்னடமாயின் அதை வாசிக்கத் தெரிந்த பாத்திரம் ஒன்று வேண்டுமே! ஓட்டுநர் வேடத்துக்குத் தன் தந்தையையே கேட்டிருக்கிறான் எழுதியவன். அவர் இன்னும் இசையவில்லை.