ஹன்னாவை எடுத்த பையன்

செய்யாறு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. பெட்டிகள் பல இருந்தாலும் கூட்டம் ஒரே பெட்டியின் முன்னால்தான். கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட அந்த விளையாட்டின் பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கு அது முஸ்தபா கேம். நான்கு பேரில் ஒருவரை எடுத்து ஆட வேண்டும். மஞ்சள் தொப்பிக்கார முஸ்தபாவுக்குத்தான் போட்டி. ‘காதல் தேசம்’ படத்தின் ‘முஸ்தபா’ பாட்டு வேறு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த காலம். அவன் ஓடிவந்து எகிறி உதைத்தால் பின்னால் நிற்பவர்கள் விசில் அடிப்பார்கள். அடுத்து ஆட வேண்டியவனின் காசு கண்ணாடியின் ஓரத்தில் காத்திருக்கும். ஆடுபவன் தோளைச் சாய்ப்பான், பல்லைக் கடிப்பான், கடைசி உயிரில் நிற்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் இழுத்தடிப்பான். அது பார்க்க வந்தவர்களுக்காக. சும்மா பொத்தானை அழுத்துகிறவனுக்கு அங்கே மரியாதை கிடையாது.

எங்கள் தெருவில் தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் மட்டும் ஹன்னாவைத்தான் எடுப்பான். நால்வரில் ஒரே பெண் அவள். “டேய், ஏண்டா எப்பப் பாரு பொம்பளைய எடுக்கற?” என்று கேட்காதவர்கள் இல்லை. அவன் பதில் சொன்னதில்லை. ஆனால் அவன் ஆடினால் கடைக்காரரே எழுந்து வந்து நிற்பார். எதிரிகள் இரண்டு பக்கமும் சூழ்ந்து வரும்வரை பொறுத்து, கடைசி நொடியில் விலகி, இருவரையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்து அடிப்பான். அந்த விலகலில் ஒரு நளினம் இருந்தது. முஸ்தபாவை எடுத்த எங்கள் யாரிடமும் அது இல்லை.

அவனைக் கேலி செய்த இதே கூட்டம்தான் பங்குனி, சித்திரையில் பாரதக் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருக்கும். கூத்துக்குப் பெயர்போன புரிசை பக்கத்தில்தான் இருக்கிறது. கூத்து எங்களுக்குப் புதிதல்ல. துகிலுரிதல் அன்று திரௌபதியாக நிற்பவர் மீசை மழித்த ஆண் என்பது எல்லோருக்கும் தெரியும். பகலில் அவரை டீக்கடையில் பார்த்திருப்போம். இரவில் அவர் கூந்தலை விரித்துப்போட்டுக் கதறினால் எங்கள் ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழும். அவர் ஏன் பெண் வேஷம் கட்டுகிறார் என்று யாரும் கேட்டதில்லை. வேஷத்தின் உள்ளே இருப்பவர் பொய்யும் இல்லை, வெளியே தெரிவது பொய்யும் இல்லை என்று எங்கள் ஊருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கேம் கடைக்குள் வந்ததும் அது மறந்துபோயிற்று.

மாட்ஸ் ஸ்டீன் என்ற நார்வே இளைஞரைப் பற்றிய ஆவணப்படத்தைப் பார்த்தபோது அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். பெஞ்சமின் ரீ இயக்கி 2024இல் வந்த படம். மாட்ஸுக்குத் தசைச்சிதைவு நோய். சிறுவயதிலேயே சக்கர நாற்காலி, பிறகு அசைக்க முடிந்தது விரல்கள் மட்டும். 2014 நவம்பரில், 25 வயதில் இறந்துபோனார். பிள்ளை காதலிக்காமல், நண்பர் ஒருவரும் இல்லாமல் அறைக்குள்ளேயே வாழ்ந்து போய்விட்டானே என்றுதான் பெற்றோர் அழுதார்கள். மகனின் வலைப்பூவில் மரணச் செய்தியை எழுதிய பிறகு பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் அவர் இபெலின் என்ற பெயரில் வாழ்ந்திருக்கிறார். அங்கே அவர் திடகாத்திரமான துப்பறிவாளர். தினமும் காட்டுப் பாதையில் ஓடுவார், பெண்களிடம் பேசுவார், சண்டையிட்ட நண்பர்களைச் சமாதானம் செய்வார். மகனோடு பேச முடியாமல் தவித்த ஒரு தாய்க்கு வழி சொல்லியிருக்கிறார். அவருடைய ‘ஸ்டார்லைட்’ குழுவினர் சிலர் இறுதிச் சடங்குக்கு நேரில் வந்தார்கள்.

அங்கே ஓடியது யார்? சக்கர நாற்காலியில் இருந்த உடம்பைத்தான் மாட்ஸ் என்று சொல்வோம் என்றால், ஒரு தாயின் கவலையைக் கேட்டு ஆறுதல் சொன்னது யார்? இரண்டுமே அவர்தான். இபெலின் வேஷம் இல்லையென்றால் அந்த இரண்டாவது ஆள் உலகத்துக்குத் தெரியாமலே போயிருப்பார்.

டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’ என்ற வீடியோ கேமில் எனக்கு வேறொரு பாடம் கிடைத்தது. 1988இல் கனடாவில் குடியேறிய தமிழ்ப் பெண் வெண்பாவாக நாம் ஆடுகிறோம். கிழிந்து கறைபடிந்த சமையல் புத்தகத்தை வைத்துக்கொண்டு இட்லி அவிக்க வேண்டும். அழிந்துபோன வரிகளை நாமே ஊகிக்க வேண்டும். பிறகு அதே கையால் மகன் கவினாகவும் ஆடுகிறோம். அம்மாவாக இருந்தபோது சரளமாகப் படித்த எழுத்து, அவனாக மாறியதும் தடுமாற வைக்கிறது. அம்மாவின் வருத்தமும் மகனின் கூச்சமும் ஒருவர் உடம்பிலேயே அடுத்தடுத்து ஏறுவதைச் சினிமாவில் நான் இப்படி உணர்ந்ததில்லை. 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது முற்றிலும் தகும்.

தறிக்காரர் வீட்டுப் பையன் பிறகு திருப்பூர் போய்விட்டான். அவன் ஏன் ஹன்னாவை எடுத்தான் என்று இப்போது நான் காரணம் தேடுவதில்லை. அவளாக ஆடும்போது அவன் அழகாக ஆடினான், அது போதும்.

எல்லா வேஷமும் விரும்பிக் கட்டுவதும் இல்லை. என் அக்கா மகள் கைப்பேசியில் துப்பாக்கிச் சண்டை ஆடுகிறாள். பெயர் ஒரு பையனுடையது, மைக் எப்போதும் அணைந்தே இருக்கும். “பொண்ணுன்னு தெரிஞ்சா அசிங்கமாப் பேசறாங்க மாமா” என்றாள். ஹன்னாவை எடுத்தவனைக் கேலி செய்த குரல்தான் இது. அவளிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்குவது தீர்வாகாது. அந்த மைக்கில் பேசுகிறவர்கள் நம் வீட்டுப் பையன்கள்.

வீட்டில் விளையாடும் பிள்ளை இருந்தால் ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே உன் பெயர் என்ன, உன்னோடு ஆடுகிறவர்கள் யார், அவர்களிடம் நீ எப்படிப் பேசுகிறாய் என்று கேளுங்கள். மாட்ஸின் பெற்றோருக்கு இதெல்லாம் மகன் போன பிறகுதான் தெரிந்தது.