அதே சில்லு

சில்லுப் பெயாரிங் பழுதாகத் தொடங்கும்போது முதலில் ஒரு முனகல்தான் கேட்கும். மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டினால் தொடங்கும், 90இல் உரக்கும். குளிர்கால ரயரின் இரைச்சல் என்றுதான் எவரும் முதலில் நினைப்பார்கள். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்ரியரிங்கை மெல்ல இடப்பக்கம் திருப்பினால் காரின் பாரம் வலப்பக்கம் சாயும். அப்போது முனகல் கூடினால் பெரும்பாலும் வலது பெயாரிங், குறைந்தால் இடது.

எங்கள் காரில் இந்த முனகல் முதலில் 22,000 கிலோமீற்றரில் கேட்டது. இரண்டாம் தரம் 37,000இல். மூன்றாம் தரம் 48,000இல். மூன்று தரமும் வலது முன் சில்லு. ஒரு நல்ல பெயாரிங் ஒரு லட்சம் கிலோமீற்றரைச் சாதாரணமாகத் தாண்டும். வொறன்ரி 60,000 வரை இருந்தபடியால் கைக்காசு போகவில்லை. நித்திரைதான் போனது. அந்தக் காரை ஓடுகிறவள் என் மகள். மருத்துவமனையில் இரவு வேலை. ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவுக்கு, 401 நெடுஞ்சாலையில், பெரிய லொறிகளுக்கு நடுவே போய்வருகிறவள். முற்றாகத் தேய்ந்த பெயாரிங்கில் சில்லு ஆடத் தொடங்கும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரியும் என்பதை விற்பனை நிலையத்தின் சேவைப் பகுதியில் யாரும் கேட்கவில்லை. எந்தச் சில்லு என்று முதல் நாளே சொன்னேன். அங்கிருந்தவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மகளைப் பார்த்து, "என்ன பிரச்சினை?" என்றார். வேலைச்சீட்டில், "வாடிக்கையாளர் சத்தம் கேட்பதாகக் கூறுகிறார், எங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை" என்று எழுதித் தந்தார்கள். பக்கத்துத் தெருக்களில் 50இல் ஓடிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் போனபோதுதான் மாற்றினார்கள்.

தொண்ணூறுகளில் நான் சுன்னாகத்தில் ஒரு கராஜில் வேலை செய்தேன். பொருளாதாரத் தடைக் காலம். ஒஸ்ரின் கேம்பிறிஜ்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். அந்தக் கார்களின் முன் பெயாரிங்கைக் கழற்றலாம். மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளங்கையில் கிறீஸை வைத்து அழுத்தி அழுத்தி நிரப்பலாம். குழி விழுந்திருந்தால் ஏன் விழுந்தது என்று தேடியே ஆகவேண்டும். சீல் கிழிந்து தண்ணீர் போனதா, நட்டை அளவுக்கு மீறி இறுக்கியதா, பெயாரிங் இருக்கும் இடமே கோணலா? புதுசு கிடைக்காத ஊரில், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வேலை முடியாது.

இங்கே புதுப் பெயாரிங் சொன்னவுடனே வந்துவிடுகிறது. மூடி முத்திரையிட்ட ஒரே துண்டு. திறந்து பார்க்க ஏலாது. கழற்றி எறி, புதுசைப் போடு. வொறன்ரி என்பது பொருளை மாற்றித் தருகிற வாக்குறுதி. அது ஏன் பழுதானது என்று தேடுவது அந்த வாக்குறுதிக்குள் இல்லை.

பழைய துண்டைக் கேட்டேன். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, திருத்துகிறவர் கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர முன்வர வேண்டும். ஆனால் வொறன்ரியில் மாற்றி, உற்பத்தியாளருக்குத் திருப்பி அனுப்பவேண்டிய பாகங்களுக்கு அந்த விதி இல்லை. ஆகவே மூன்று பெயாரிங்கில் ஒன்றைக்கூட நான் கண்ணால் காணவில்லை.

மூன்றாம் தரம் புதுக் காரணம் ஒன்று சொன்னார்கள்: வீதிக் குழி. இடிபட்டு வந்த சேதத்துக்கு வொறன்ரி இல்லை. ரொறன்ரோவில் இது நம்பக்கூடிய கதைதான். வெடிப்புகளில் இறங்கிய தண்ணீர் உறைந்து, விரிந்து, வசந்தத்தில் வீதியெல்லாம் குழியாகக் கிடக்கும். ஆனால் பெயாரிங்கை உடைக்கிற அளவுக்கு இடி விழுந்திருந்தால் ரிம்மிலோ ரயரின் பக்கவாட்டிலோ ஓர் அடையாளம் இருக்கும். இரண்டிலும் ஒன்றுமில்லை. சில்லுகளின் நேரளவு சரியாக இருப்பதாக அவர்களே அச்சடித்துத் தந்த தாள் என் கையில் இருந்தது.

என்னுடைய ஆங்கிலம் தொழிற்சாலையில் படித்த ஆங்கிலம். சாமான்களின் பெயர் தெரியும், வாதாட வராது. முதல் நாள் இரவு மகள் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு அவையிட்டை என்ன கேக்கோணும்?" சொன்னேன். அவள் ஒரு பக்கத்தில் எழுதினாள். மூன்று திகதி, மூன்று கிலோமீற்றர்க் கணக்கு, ஒரு கேள்வி: பெயாரிங்கை அழுத்திப் பொருத்துகிற வார்ப்பின் துளையை அளந்தீர்களா? அந்தத் துளை மயிரளவு வட்டம் தவறினாலும் புதுப் பெயாரிங்கின் வெளிவளையத்தை நெரிக்கும். ஒரு தரம் போனால் பெயாரிங்கில் பிழை இருக்கலாம். ஒரே இடத்தில் மூன்று தரம் போனால் அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். கடைசியில், கனடிய மோட்டார் வாகன நடுவர் திட்டத்துக்குப் போக யோசிப்பதாக ஒரு வரி. 1994இல் தொடங்கிய திட்டம். வாடிக்கையாளருக்குச் செலவில்லை, தீர்ப்பு உற்பத்தியாளரைக் கட்டுப்படுத்தும்.

அடுத்த நாள் அவர் வழமைபோல மகளைப் பார்த்துத்தான் கதைத்தார். "நான் மொழிபெயர்க்க வரவில்லை. இவர் மெக்கானிக். இவரிடம் கேளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பிள்ளை போய்க் கோப்பியோடு கதிரையில் இருந்துவிட்டாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தத் தாள் மட்டும் இருந்தது. அவர் இரண்டு தரம் வாசித்தார். உள்ளே போய் மேலாளரைக் கூட்டிவந்தார். மேலாளர் என்னிடம்தான் கேட்டார், எந்தத் துளை என்று.

அளந்தார்கள். வட்டம் தவறியிருந்தது. வார்ப்பையும் பெயாரிங்கையும் சேர்த்து வொறன்ரியிலேயே மாற்றினார்கள். தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்ததா என்று அவர்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது 91,000 ஓடியிருக்கிறது. முனகல் இல்லை.

இந்தக் கதை எப்படியோ பரவி, தெரிந்த சனம் தங்கள் காரின் சத்தத்தைப் பதிந்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். போனில் வருகிற சத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எத்தனையாம் தரம்?" இரண்டு என்றால், "வேலைச்சீட்டு இரண்டையும் எடுத்து வையுங்கோ" என்கிறேன்.