சேர்வராயன் மலையும் சித்திரக்கதைப் புத்தகமும்

சேலம் மாநகரின் வடபால் அரண்போல எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. அடிவாரத்தினின்று 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் ஏற்காடு நம்மை வரவேற்கின்றது. ஏரியும் காடும் சேர்ந்தே ஏற்காடு ஆயிற்று என்பர். 1820-களில் சேலத்தின் ஆட்சியராய் இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பிச் செடியைக் கொணர்ந்தார். அன்று தொடங்கிய தோட்டங்கள் இன்றும் மலைச்சரிவெங்கும் படர்ந்துள்ளன. நிழலுக்கு நிற்கும் வெள்ளோக்கு மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும் அழகைக் காணக் கண் கோடி வேண்டும்.

சுற்றுலா வரும் குடும்பங்கள் ஏரியில் படகு விட்டு, பகோடா முனையில் நின்று சமவெளியை நோக்கி, கால் கிலோ காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு மாலைக்குள் இறங்கிவிடுவது வழக்கம். எங்களுக்கு இம்முறை இரண்டு நாட்கள் தங்க வாய்த்தது. ஆகவே ஊரை விட்டு விலகி, நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கமாகச் சிற்றூர்களை நோக்கி நடந்தோம்.

ஏற்காடு பள்ளிகளுக்குப் பேர்போன ஊர் என்பதை நம் வாசகர்கள் அறிவர். 1917-ல் தொடங்கிய மோன்ட்ஃபோர்ட் பள்ளியைச் சொன்னாலே போதும். தொலைதூரங்களிலிருந்து பிள்ளைகள் இங்கே வந்து விடுதிகளில் தங்கிப் படிக்கின்றனர். அதே மலையின் மடிப்புகளில், காப்பித் தோட்டங்களுக்கு அப்பால், மலையாளி என்னும் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் உள்ளன. (பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என எண்ணிவிடலாகாது, மலையை ஆள்வோர் என்பதே அவர்கள் கொள்ளும் பொருள். அவர்கள் பேசுவதும் தமிழே.) அவ்வீடுகளில் எழுத்தறிந்த முதல் தலைமுறை பல இடங்களில் இன்றைய பிள்ளைகள்தாம்.

அத்தகைய ஒரு சிற்றூரின் காப்பி உலர்களத்தின் ஓரத்தில், பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் தன் தங்கைக்குப் புத்தகம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மேலட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. அருகே சென்று பார்த்தோம். பழைய தமிழ்ச் சித்திரக்கதை. பள்ளிப் பாடநூலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது எழுத்தெழுத்தாய்த் தடுமாறிய அதே பிள்ளை, இதனைத் தட்டுத் தடங்கலின்றிப் படித்தான். எப்படித் தம்பி என்று வினவினோம். "படத்தப் பாத்தா என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிருங்க. அப்புறம் எழுத்து என்னவா இருக்கும்னு தானா வந்துரும்" என்றான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நெடுநேரம் விரித்துரைக்கத்தக்க கருத்தை அவன் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டான்! புத்தகம் எங்கே கிடைத்தது என்றோம். சேலத்தில் பழைய தாள் கடைக்குப் போன மாமன் கொண்டு வந்ததாம். அது ஒன்றே அவனுடைய நூலகம்.

படமும் சிறு வாசகமும் வரிசையாய் அமைந்து கதை சொல்லும் முறை நமக்குப் புதிதன்று. நம் பங்குக் கோவிலின் சுவர்களைப் பாருங்கள். சிலுவைப் பாதையின் 14 நிலைகளும் அப்படியே அமைந்தவை. எழுத்தறியாத பாட்டிமார் தலைமுறை தலைமுறையாய் அவற்றைப் பார்த்துப் பார்த்தே பாடுகளின் வரலாற்றைக் கற்றனர்.

தமிழில் இவ்வகைப் புத்தகங்களுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1947-ல் அம்புலிமாமா பிறந்து, படம் நிறைந்த கதைகளுக்குப் பிள்ளைகளைப் பழக்கிற்று. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டது. அதன் முதல் வெளியீடான இரும்புக்கை மாயாவி இங்கிலாந்துக் கதையின் தமிழாக்கமே எனினும், மாயாவி நம் தெருப் பிள்ளையாகவே ஆகிவிட்டான். 1984-ல் லயன் காமிக்சும் ராணி காமிக்சும் வந்தன. ஓரிரு ரூபாய் விலை. மிட்டாய் தொங்கும் பெட்டிக்கடையிலேயே கயிற்றில் இவையும் தொங்கின. அதற்கும் காசில்லாத பிள்ளைக்கு வாடகை நூலகம் இருந்தது. சில காசுகள் கொடுத்தால் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். இன்று நாற்பது, ஐம்பது வயதைக் கடந்து நிற்கும் எத்தனையோ தந்தையர், பாடப்புத்தகத்தினுள் ஒளித்து வைத்து இவற்றைப் படித்தே வாசிப்பில் வேகம் பெற்றனர். இல்லை என்று யாரேனும் சொன்னால், அவர்தம் தாயாரைக் கேட்டுப் பார்க்கலாம்!

இன்று நிலைமை வேறு. ராணி காமிக்ஸ் நின்றுபோயிற்று. சிவகாசியிலிருந்து லயன், முத்து வெளியீடுகள் தொடர்ந்து வருகின்றன. அச்சும் தாளும் முன்னினும் மேலானவை. ஆனால் பெரும்பாலும் சந்தா கட்டியோ, இணையவழி கேட்டோ, சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சென்றோ வாங்க வேண்டியவை. ஒரு நூலுக்குக் கணிசமான தொகை எடுத்துவைக்க வேண்டும். சிறு வயதை நினைத்து ஏங்கும் பெரியவர்களின் அலமாரிகளையே இவை சென்றடைகின்றன. பெட்டிக்கடைக் கயிறும் வாடகை நூலகமும் மறைந்தபின், உலர்களத்துச் சிறுவனுக்கு எஞ்சியிருக்கும் வாயில் பொதுநூலகம் ஒன்றே.

திரும்பும் வழியில், நாங்கள் பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் ஊரின் நூலகத்தில் நுழைந்து சித்திரக்கதை உண்டா என வினவினோம். சிறுவர் பகுதியில் நீதிக்கதைகளும், பெரியோர் வரலாறுகளும், பொது அறிவு வினாவிடைகளும் தடித்த அட்டையில் வரிசையாய் இருந்தன. அவற்றுட் பல திறக்கப்பட்ட அடையாளமே இல்லை. நூலக அம்மையார் நல்லவர். "யாருங்க கேக்கறாங்க? கேட்டாத்தானே நாங்க மேல எழுத முடியும்" என்றார். அவர் கூற்றில் நியாயம் உண்டு.

1948-ல் பொதுநூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. இந்திய மாநிலங்களுள் அதுவே முதற்சட்டம். நாம் செலுத்தும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் சேர்ந்தே போகின்றது. சீர்காழி தந்த அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதும் ஒன்று. பத்து வயதுப் பிள்ளையும் வாசகனே. அதே 1931-ல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராய் அனுப்பினார். அவ்வண்டியைத் தொடங்கி வைத்தவரும் அரங்கநாதனே. சேர்வராயன் மலையின் சிதறிய சிற்றூர்களை எண்ணும்போது, அந்த வண்டி மாடுகள் நம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பெற்றோரின் அச்சத்தை நாம் புறக்கணிக்கவில்லை. துப்பாக்கியும் அடிதடியும் நிறைந்தவை, சிறுவர் கண்ணுக்கு ஏலாத படங்கள் கொண்டவை இவ்வகையில் உண்டு. அமெரிக்க நாட்டில் 1954-ல் உளநோய் மருத்துவர் வெர்தம் என்பவர் சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன எனத் தனி நூலே எழுத, ஆட்சி மன்றம் வரை விசாரணை நடந்தது. அப்புயலுக்கு முன்பே, 1946 முதல், அந்நாட்டின் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கென்றே ‘டிரெஷர் செஸ்ட்’ என்னும் சித்திரக்கதை இதழ் வந்துகொண்டிருந்தது. 1972 வரை நிற்கவில்லை. வரலாறு, புனிதர் வாழ்க்கை, விளையாட்டு, வேடிக்கை எல்லாம் அதில் இருந்தன. நம் நாட்டில் 1967-ல் ஆனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதைகளையும் மறக்கலாகாது.

பெரியவர்க்கும் உரியதாக இக்கலை வளர்ந்துவிட்டது. யூதர்கள் பட்ட கொடுமையை எலி, பூனை வடிவில் வரைந்த ‘மவுஸ்’ நூல் 1992-ல் புலிட்சர் பரிசு பெற்றது. அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாயும் சுபாஷ் வியாமும் தீட்டிய ‘பீமாயணம்’ தமிழிலும் உண்டு. ஒரு பழங்குடியினர் கைவண்ணத்தைச் சேர்வராயன் மலைப் பழங்குடிப் பிள்ளை கையில் ஏந்திப் பார்ப்பது எத்துணை பொருத்தம்! தேர்ந்தெடுப்பது நூலகத்தார் கடமை. நல்லதும் அல்லதும் கலந்திருப்பதால் எதுவுமே வேண்டாமென்றால், நாவல்களையும் அலமாரியினின்று இறக்கிவிட வேண்டியதுதான்.

கேட்பது எப்படி என்பீர்களாயின், வழி எளிது. நூலகங்களில் வாசகர் வட்டம் என்றொரு அமைப்பு உண்டு. அதில் சேர்ந்து, வேண்டும் நூல்களின் பெயரை எழுதிக் கொடுக்கலாம். 1,000 ரூபாய் செலுத்திப் புரவலராகவும் ஆகலாம். நம் பங்கின் இளைஞர் குழு ஒன்று நினைத்தால் ஒரு வாரத்தில் சேர்த்துவிடும் தொகை. அத்துடன் ஒரு வேண்டுகோளையும் சேர்த்து எழுதுங்கள். டூயி பகுப்பு முறையில் சித்திரக்கதைக்கு உரிய எண் 741.5, ஓவியக்கலைக்கு அடுத்த இடம் அது. எண்ணைப் பின்பற்றி அடுக்கினால் பெரியவர் கைக்கெட்டும் மேல்தட்டில் போய் அமர்ந்துவிடும். சிறுவர் பகுதியின் கீழ்த்தட்டில், அட்டைப்படம் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் அந்த நூலக அம்மையாரிடம் பன்னிரண்டு பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். பட்டியலின் தலைப்பில் இரும்புக்கை மாயாவி. அவர் அதைப் படித்துவிட்டு, தம் அண்ணன் இதற்காக அப்பாவிடம் அடி வாங்கிய கதையைச் சொல்லத் தொடங்கினார். எங்கள் பேருந்து வந்துவிட்டது.