கிசாலோ மேட்டில் ஒரு காலைப்பொழுது

வட இத்தாலியிலுள்ள கோமோ ஏரி இரு கிளையாகப் பிரியும் முனையில் பெல்லாஜியோ என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்கிருந்து தெற்கு நோக்கிப் பத்துக் கிலோமீட்டர் அளவு மலையேறினால், 754 மீட்டர் உயரத்தில் கிசாலோ மாதாவின் சிற்றாலயத்தைக் காணலாம். இம்மாதாவை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949-ஆம் ஆண்டில் அறிவித்தார். கிளைப்பங்குகளுக்கு மிதிவண்டியிலேயே சென்று திருப்பலி நிறைவேற்றிய தலைமுறையைச் சேர்ந்த நாம், அவ்வன்னையைக் காணாது திரும்ப மனமின்றிப் பேருந்தேறினோம்.

பாதையின் தொடக்கமே கடுமையானது. சிலவிடங்களில் நூறு மீட்டர் முன்னேறுவதற்குள் பதினான்கு மீட்டர் மேலேற வேண்டும். அங்கே ஒருவர் குனிந்த தலையுடன் மிக மெதுவாக மிதித்துச் சென்றுகொண்டிருந்தார். பேருந்து அவரைக் கடந்து சென்றபோது, "பாவம், பாதி வழியில் இறங்கித் தள்ளுவார்" என்றெண்ணினோம். நம் வாலிப வயதில் நாம் செய்தது அதுவே! ஆனால் நாம் ஆலய முற்றத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கையில் (பேருந்தில் வந்தவருக்கு மூச்சு வாங்குவானேன் என்று கேளாதீர்கள்) அவர் மிதித்தவாறே வந்து சேர்ந்தார்.

உரோமையில் கற்ற அரைகுறை இத்தாலியத்தில் பேச்சுக் கொடுத்தோம். அவர் நம்மைப் 'பாத்ரே' என விளித்து மகிழ்வுடன் விடையளித்தார். தச்சு வேலை செய்பவர், ஐம்பதை நெருங்குபவர், பந்தய வீரர் அல்லர். தொலொமீத்தி மலைகளில் ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் நடைபெறும் 'மரத்தோனா' என்னும் பெரும் பயணத்திற்காகத் தம்மைப் பயிற்றுவித்து வந்தார். 1987-இல் தொடங்கப்பெற்ற அப்பயணத்தின் நீண்ட வழி 138 கிலோமீட்டர். ஏற வேண்டிய மொத்த உயரம் 4,230 மீட்டர். முந்திய ஆண்டில், 2,236 மீட்டர் உயரமுள்ள ஜாவ் கணவாயில், பத்துக் கிலோமீட்டர் ஓயாத ஏற்றத்தின் நடுவே, கால்கள் மரத்துப்போய் வண்டியைத் தள்ளிச் சென்றாராம். அதைச் சொல்லும்போது அவர் முகம் சற்றே சிவந்தது.

"அவ்வளவு மெதுவாக ஏறினீர்களே?" என்று வினவினோம். அதுவே பயிற்சி என்றார். கிசாலோ ஏற்றத்தின் முற்பகுதி செங்குத்தானது. இடையில் சமவெளி போன்ற வழி. பின்னர் மீண்டும் செங்குத்து. முதலிலேயே வலிமையைச் செலவிட்டவர் இறுதியில் தவிப்பார். ஞாயிறுதோறும் முதற்பூசை கண்டபின் மூன்று முறை ஏறுவாராம். மூன்று முறை ஏறினும் ஏறத்தாழ 1,650 மீட்டரே ஆகும் என்று விரல்விட்டுக் கணக்கிட்டுக் காட்டினார். பசிக்குமுன் அரைமணிக்கொரு முறை உண்ண வேண்டும். பசித்தபின் உண்பதால் அன்றைய பயணத்திற்குப் பயனில்லை. வாரத்தில் இரு நாள் வண்டியைத் தொடுவதே இல்லை. ஓய்விலன்றோ தசை வலுப்பெறுகிறது!

பின்னர் நம்மை உள்ளே அழைத்துச் சென்றார். பீடத்தின் இருபுறமும் சுவர்களெங்கும் பர்த்தாலி, கொப்பி, மெர்க்ஸ் முதலான புகழ்பெற்றோரின் மிதிவண்டிகள். அவற்றினிடையே சிதைந்த வண்டியொன்று. கோமோ நகரில் பிறந்து, 1992-இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் பொற்பதக்கம் வென்ற பாபியோ கசார்த்தெல்லியின் வண்டி அது. 1995 ஜூலை 18-இல், பிரான்சு நாட்டுப் பந்தயத்தில், பிரனீஸ் மலைச்சரிவு ஒன்றில் வேகமாக இறங்குகையில் விழுந்து தலையில் அடிபட்டு மாண்டார். வயது இருபத்து நான்கு. தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. தொழில்முறைப் பந்தயங்களில் அது கட்டாயமாக்கப்பட்டது 2003-இலேயே.

நம் தச்சர் அவ்வண்டியின் முன் நெடுநேரம் நின்றார். "பாத்ரே, ஏறுவதற்காக நான் இங்கே மன்றாடுவதில்லை. அது என் கால்களின் பொறுப்பு. இறங்குவதற்காகவே மன்றாடுகிறேன்" என்றார். வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணித்தல், ஈரச்சாலையில் பிரேக்கை மெல்லப் பிடித்தல் ஆகியவற்றையும் ஏற்றத்தைப் போன்றே பழகி வருகிறாராம். இறங்குவதில் எவரையும் முந்தக்கூடாது என்பது அவருடைய மனைவியார் விதித்த நிபந்தனை. அதற்கு இசைந்த பின்னரே பயணத்திற்குப் பெயர் கொடுக்க அனுமதி கிடைத்ததென்று நகைத்தார்.

வெளியே வெண்கலச் சிலையொன்று நிற்கிறது: ஒரு வீரர் கையுயர்த்தி நிற்க, மற்றொருவர் வீழ்ந்து கிடக்கிறார். அதன் அருகில் தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டு, நம் ஆசீரைத் தலைகுனிந்து பெற்று, இரண்டாம் ஏற்றத்திற்காக அவர் கீழிறங்கினார். முதல் வளைவிலேயே பிரேக்கின் ஓசை கேட்டது. மணி பத்து. நம் பேருந்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.