சந்தா கேட்பது தப்பா?

சந்தா கட்டினால்தான் முழுச் செய்தியும் திறக்கும் என்றால் நம்மில் பலருக்குக் கோபம் வருகிறது. எனக்கு வருவதில்லை. ஸ்டீவன் கானும் பிரேமேஷ் சந்திரனும் 1999இல் தொடங்கிய மலேசியாகினி இணையச் செய்தித்தளம் 2002இலேயே சந்தாவுக்கு மாறியது. இணையத்தில் எல்லாம் இலவசம் என்றிருந்த காலம் அது! 2021 பிப்ரவரியில் நீதிமன்ற அவமதிப்புக்காகக் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. சில மணி நேரத்திலேயே மக்கள் அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள். காசு கட்டிப் படித்த பழக்கம்தான் 'இது நம்முடையது' என்ற உணர்வை வளர்த்தது என்று நம்புகிறேன்.

வாசகர் துணை ஒரு பத்திரிகைக்கு எவ்வளவு தேவை என்று யோசிக்கும்போது நம் தமிழ் நேசன் நாளிதழ் நினைவுக்கு வருகிறது. அது 1924இல் பிறந்து 2019 ஜனவரியோடு நின்றுபோனது. இன்னும் மனசு ஆறவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் சந்தாவுக்குள் பூட்டக் கூடாது. 2023 மார்ச்சில் ஜொகூரில் பத்து பஹாட், யோங் பெங் பக்கம் வெள்ளம் ஏறியபோது எந்தச் சாலை மூடியிருக்கிறது, நிவாரண மையம் எங்கே என்பது சந்தா கட்டாதவருக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்த மாதிரிச் செய்தி எல்லாருக்கும் திறந்தே இருக்கட்டும். புலனாய்வுக்கும் நீண்ட கட்டுரைக்கும் தாராளமாகச் சந்தா கேளுங்கள். மாசாய், ஸ்கூடாய், கூலாய் என்று நிருபர்களை வைத்து நம் ஜொகூர்ச் செய்தியைத் தமிழில் யாராவது ஒழுங்காகத் தந்தால், மாதம் 10 வெள்ளி கட்ட நான் தயார். உங்களில் யாரெல்லாம் கட்டுவீர்கள்?