நந்தி ஹால்ட்டில் வண்டி நிற்கும்



விடுமுறைக்குப் பெங்களூரு போய்ச் சிங்கப்பூர் திரும்பியிருக்கிறேன். லால்பாக், கப்பன் பூங்கா, வரிசையில் நின்று சாப்பிடும் தோசை எல்லாம் உங்களுக்கே தெரியும். இந்த முறை நான் பார்க்க விரும்பியது ஒரு சின்ன ரயில் நிலையம். நந்தி மலை அடிவாரத்தில் இருக்கும் நந்தி ஹால்ட். எலஹங்காவில் குடியிருக்கும் பெரியம்மா மகனிடம் சொன்னேன்.

“ஸ்டேஷனைப் பார்க்கவா? சரி, காலைல நாலரைக்குக் கார் எடுத்தா டிராஃபிக் இல்லாம போயிடலாம்.”

“ஸ்டேஷனுக்குக் கார்லயாண்ணா போவாங்க?”

“வேற எதுல போறது? எல்லாரும் அப்படித்தான் போறாங்க.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. பெங்களூருவாசிக்கு நந்தி மலை என்றாலே கார்தான். ஞாயிறு விடியலில் சூரியனைப் பார்க்க ஊரே கிளம்பி, மலைப்பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கி நிற்கும். முன்னே நிற்கும் வண்டியின் சிவப்பு விளக்கில்தான் பலருக்கும் சூரியோதயம். அடிவாரத்தில் 1915 முதல் ஒரு ரயில் நிலையம் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் காரில் வந்து இறங்கி, படம் எடுத்துக்கொண்டு, காரிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

நாங்கள் ரயிலில் போனோம். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார்.

எலஹங்காவில் ஏறியது வசதிக்காக. ஆனால் இந்தப் பாதையின் கதை தொடங்குவதும் அங்கேதான். சென்னைப் பக்கத்திலிருந்து ரயில் ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூரு கண்டோன்மென்ட்டைத் தொட்டது 1864 ஆகஸ்ட் 1ஆம் தேதி. அது அகலப் பாதை. பட்டாளத்தோடும் ஒப்பந்த வேலையோடும் ஏற்கெனவே கண்டோன்மென்ட்டில் குடியேறியிருந்த தமிழர்களுக்கு அதன்பிறகு ஊருக்குப் போய்வருவது லேசாயிற்று. எலஹங்கா வழியாக இந்துப்பூர், குண்டக்கல் பக்கம் போனது மீட்டர் பாதை. 1915இல் அதே எலஹங்காவிலிருந்து சிக்கபள்ளாப்பூருக்கு மூன்றாவதாக ஒன்று வந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே வெறும் 762 மில்லிமீட்டர். விஸ்வேஸ்வரய்யா மைசூர் திவானாக இருந்த காலம் அது. அவர் பிறந்த முத்தேனஹள்ளியும் சிக்கபள்ளாப்பூருக்குப் பக்கத்துக் கிராமம்தான்.

குறுகிய பாதை என்றால் மலிவு. மண்ணைக் குறைவாக வெட்டினால் போதும், வளைவுகளைச் சட்டென்று திருப்பலாம், லேசான எஞ்சின் போதும். அந்தச் சிக்கனத்துக்கு விலை கொடுத்தவர்கள் மூட்டை தூக்கியவர்கள். ஒரு பாதையின் வண்டி இன்னொரு பாதையில் ஓடாது. சிக்கபள்ளாப்பூரிலிருந்து எது வந்தாலும் எலஹங்காவில் இறக்கி, அடுத்த வண்டியில் மறுபடி ஏற்ற வேண்டும். இந்தச் சின்னப் பாதை பிறகு சிட்லகட்டா, சிந்தாமணி, சீனிவாசபுரம், கோலார் வழியாகச் சுற்றிப் பங்காரப்பேட்டையில் போய் நம் சென்னைப் பாதையைத் தொட்டது. சிட்லகட்டா பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். பங்காரப்பேட்டையில் இறங்கிக் கிளைப் பாதையில் போனால் கோலார் தங்க வயல். அங்கே எத்தனை தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் உழைத்தன என்பது தனி மடலுக்கான விஷயம்.

இப்போது முழுதும் அகலப் பாதை. கடைசியாக மிஞ்சியிருந்த சிக்கபள்ளாப்பூர்–கோலார் பகுதியும் 2013இல் அகலப் பாதையாகத் திறந்தது. ஓடுவது மெமு மின்சார வண்டி.

எலஹங்கா தாண்டியதும் கட்டிடங்கள் விலகும் என்று எதிர்பார்த்தேன். விலகவே இல்லை. தொட்டஜாலா வரைக்கும் அடுக்குமாடிகள் கூடவே வந்தன. விமான நிலையத்துக்கென்று 2021 ஜனவரியில் திறந்த ஹால்ட்டில் பெட்டியோடு ஓரிருவர் இறங்கினார்கள். தேவனஹள்ளி வந்த பிறகுதான் திராட்சைப் பந்தல்கள் கண்ணில் பட்டன. திப்பு சுல்தான் பிறந்த ஊர் அது. அடுத்து ஆவதிஹள்ளி, வெங்கடகிரிகோட்டே. அதற்குப்பின் இடதுபக்கம் மலை. பெண்ணையாறும் பாலாறும் பிறப்பதாகப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நந்தி துர்க்கம் இதுதான். வட ஆற்காட்டுக்காரியான எனக்கு, பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்தவளுக்கு, அந்த மலையைப் பார்த்ததும் மரியாதையைவிட வழக்குத் தொடுக்கிற ஆசைதான் முதலில் வந்தது.

நந்தி ஹால்ட் மிகச் சின்னது. கல் சுவர், மேலே மங்களூர் ஓடு, மர வேலைப்பாடு, மலையைப் பார்த்தபடி திண்ணை. ராஜாக்கள் வந்திறங்கக் கட்டிய இடமில்லை. கடலைக்காய் மூட்டையும் கூடைக்காரிகளும் காத்திருக்கக் கட்டியது. அளவு அதற்குப் பொருத்தமாக இருப்பதே அதன் அழகு. பாதை மாறிய பிறகு இந்த வரிசையில் இருந்த பழைய நிலையங்கள் கவனிப்பாரின்றிப் பாழடைந்து போயின. பழங்கட்டிடங்களைக் காக்கும் இண்டாக் அமைப்பின் பெங்களூருக் கிளையும் தென்மேற்கு ரயில்வேயும் ஒப்பந்தம் செய்துகொண்டு தொட்டஜாலா, தேவனஹள்ளி, ஆவதிஹள்ளி, நந்தி ஹால்ட் என நான்கையும் மீட்கும் வேலையில் இறங்கின.

பழசைப் புதுப்பிப்பது என்றால் நம் ஊரில் சிமென்ட் பூசி, டைல்ஸ் பதித்து, மேலே ஊதா விளக்குப் போடுவது. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவருக்கு அது கொடுமை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துவைக்கும், சில வருஷத்தில் சுவர் பொரிந்து உதிரும். நந்தி ஹால்ட்டில் கல் கல்லாகவும் ஓடு ஓடாகவும் தெரிகின்றன. அதற்கே அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

நடைமேடையில் இரண்டு வகைக் கூட்டம். ஒன்று, கல்யாணத்துக்கு முன் படம் எடுக்க வந்த ஜோடி. பெண் சிவப்புக் கவுன், பையன் கோட்டு, புகைப்படக்காரர் தரையில் படுத்திருந்தார். இன்னொன்று, வண்டிக்குக் காத்திருந்தவர்கள்: பூக்கூடையோடு இரண்டு பெண்கள், கல்லூரிப் பையன்கள், ஒரு பெரியவர். பெரியவரிடம் தெலுங்கில் பேச்சுக் கொடுத்தேன். இந்தப் பக்கத்தில் கன்னடத்துக்கு நிகராகத் தெலுங்கு புழங்குகிறது. சின்ன வண்டியில் போயிருக்கிறீர்களா என்று கேட்டதும் முகம் மலர்ந்தது. மேட்டில் ஏறும்போது இளவட்டங்கள் குதித்துக் கொஞ்ச தூரம் கூடவே நடந்து மறுபடி தொற்றிக்கொள்வார்களாம். “டிக்கெட் பரிசோதகர் வந்தால் அந்தப் பெட்டியிலிருந்து இறங்கி இந்தப் பெட்டியில் ஏறிக்கொள்வோம்” என்றவர், அண்ணனைப் பார்த்து, “நீங்களும் ரயிலிலா வந்தீர்கள்?” என்றார். அண்ணன் பெருமையாகத் தலையாட்டியதை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இங்கே சிங்கப்பூரைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தீவிலும் 1932இல் கட்டிய புக்கிட் தீமா ரயில் நிலையம் ஒன்று இருக்கிறது. தஞ்சோங் பகாரிலிருந்து மலாயாவுக்குப் போன வண்டிகள் அதன் வழியாகத்தான் ஓடின. அந்த ரயில்வேயில் எழுத்தர், நிலைய அதிகாரி வேலைகளில் யாழ்ப்பாணத்தார் நிறையப் பேர். தண்டவாளம் போட்டுக் காத்தவர்களில் தமிழகத்துக் கூலிகள் ஏராளம். தஞ்சோங் பகாரில் நாங்கள் வண்டி ஏறிய கடைசி வருஷங்களில் ஒரு வேடிக்கை. மலேசியாவுக்குள் நுழையும் சோதனை நகர நடுவிலேயே முடிந்துவிடும். சிங்கப்பூரைவிட்டு வெளியேறும் சோதனை அதன்பிறகு எல்லையோர உட்லண்ட்ஸில் நடக்கும். 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி வண்டியை ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போனார். மறுநாள், மலேசிய ரயில்வே வசமிருந்த அந்த நிலம் சிங்கப்பூர் கைக்கு வந்தது, தண்டவாளத்தின் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்து 24 கிலோமீட்டர் நடைபாதை ஆக்கினார்கள்.

புக்கிட் தீமா நிலையம் 2022இல் மறுபடி திறந்தது. குறை சொல்ல முடியாத வேலை. செங்கல் துலங்குகிறது, சமிக்ஞை நெம்புகோல்கள் பளபளக்கின்றன, பழைய ஊழியர் குடியிருப்பில் காப்பிக்கடை. நானே பலமுறை அங்கே உட்கார்ந்து குடித்திருக்கிறேன். ஆனால் அங்கிருந்து யாரும் எங்கும் போக முடியாது. ரயில் நிற்காத நிலையத்தை எவ்வளவு துடைத்து வைத்தாலும் அது நடைமேடை வைத்த வீடுதான். நந்தி ஹால்ட்டில் ஓடு கொஞ்சம் பிசகியிருக்கலாம், கழிவறை நம்பிப் போகிற தரத்தில் இல்லாமலிருக்கலாம். பூக்காரிக்கு அங்கே வண்டி நிற்கிறது. இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதனால்தான் அங்கே வரும் சுற்றுலாவைப் பற்றி ஒரு பயமும் உண்டு. படம் எடுக்க இடம் வேண்டும் என்று காத்திருக்கிறவர்களை ஓரம் கட்ட ஆரம்பித்தால், அடுத்து நுழைவுக் கட்டணம் வரும், பிறகு வாகன நிறுத்தம் வரும், அதன்பின் வண்டி எதற்கு நிற்கிறது என்று யாராவது கேட்பார்கள். நந்தி மலைக்குக் கம்பிவடப் பாதை அமைக்க 2023 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் ஏறுமிடம் வரைக்கும் மக்கள் எதில் வந்து சேர்வார்கள் என்பதுதான் என் கேள்வி. விடியலுக்கு முன் மலையடிவாரம் சேர்கிற மாதிரி ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டி விட்டு, நிலையத்திலிருந்து மலைக்குச் சிற்றுந்து ஓட்டினால் எத்தனை கார்கள் வீட்டிலேயே நிற்கும்! நிலையத்துக்குள் நுழைய ஒரே சீட்டு, அது ரயில் சீட்டாக இருக்கட்டும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரு நாளில் வண்டிகள் சிலதான், அதனால் திரும்புகிற நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் நேரே மலைக்கு ஓடாதீர்கள். நந்தி கிராமத்துப் போகநந்தீஸ்வரர் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழமையான கோயில். உள்ளேயே அருணாசலேஸ்வரருக்கும் தனிச் சன்னிதி உண்டு, திருவண்ணாமலைக்காரர்கள் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். படிக்கட்டுக் குளத்தின் கரையில் அரைமணி உட்காருங்கள். மலை ஏறுவதானால் பழைய படிக்கட்டு வழி இருக்கிறது. தண்ணீர் கொண்டுபோங்கள், தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் பிடுங்கிவிடும். எங்கள் முறுக்குப் பொட்டலம் போனது அப்படித்தான்.