திரையில் தோன்றும் வைத்தியர்

"ஏட்டில் எழுதியிருக்கிறது, எனவே உண்மை" என்றனர் அன்று. "யூடியூபில் வந்திருக்கிறது, எனவே உண்மை" என்கின்றனர் இன்று. ஏடு மாறிற்று, ஏமாளித்தனம் மாறவில்லை! புராணத்தைக் கேள்விக் கணைகளால் துளைத்தெடுத்த நாம், கைப்பேசியிலே ஒரு முகம் தோன்றி மருந்து சொன்னதும் வாய்பொத்தி நிற்கலாமா?

நாமறிந்த பெரியவர் ஒருவர். பகுத்தறிவுக் கூட்டமென்றால் முதல் வரிசையில் அமர்பவர். மந்திரித்த கயிறு கட்டியவரல்லர், சோதிடம் பார்த்தவருமல்லர். பத்தாண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உண்டுவந்தவர், ஒருநாள் அதனை நிறுத்திவிட்டார். ஏனென்று கேட்டோம். "மூன்றே மாதத்தில் சர்க்கரையை ஒழிக்கும் கசாயமாம், இரண்டு இலட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்" என்றார்.

"தேர்த் திருவிழாவிற்கும் இலட்சம் பேர் கூடுகிறார்களே அய்யா! கூட்டமே சான்றென்றால், நம் இயக்கம் தோன்றியிருக்கவே வேண்டாமே!" என்றோம். சிரித்தார், கசாயத்தை விடவில்லை. கால் விரலிலே புண் கண்டு, அது ஆறாது மருத்துவமனை சென்ற பிறகே மாத்திரையை மீண்டும் தொட்டார். கடவுளின் பெயரால் வந்த பொய்யை அடையாளம் கண்டவர், விஞ்ஞானத்தின் உடை உடுத்தி வந்த பொய்யிடம் தோற்றார்.

பார்த்தவர் எண்ணிக்கை எத்துணைக் கெட்ட அளவுகோல் என்பதை ஆராய்ந்தே காட்டியுள்ளனர். தடுப்பூசி பற்றிய 153 யூடியூப் காணொளிகளை ஆய்ந்து, கனடா நாட்டு ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழப் பாதி ஊசியை ஆதரித்தன. மூன்றிலொரு பங்கு எதிர்த்தன. மிகுதியாகப் பார்க்கப்பட்டவை எவை? பாராட்டப்பட்டவை எவை? எதிர்த்தவைதாம்! மெய் நிதானமாகப் பேசும். பொய்யோ அச்சத்தைக் கிளப்பும், ஆசையை மூட்டும், ஆர்ப்பரிக்கும்.

அதன் விளைவை நம் நாடும் கண்டது. 2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட அரசு முனைந்தது. வாட்சப்பில் பரவிய வதந்தியை நம்பி, பெற்றோர் பலர் வேண்டாமென்றனர். 2018 ஜூலையில் திருப்பூரிலே, காணொளியைத் துணைகொண்டு வீட்டிலேயே பிள்ளைப்பேறு பார்க்க முயன்றனர் என்று செய்தி வந்தது. குருதி பெருகி மாண்டாள் இளந்தாய்! திரை வழி காட்டியது. உயிர் போகும்போது ஓடிவரக் கையில்லை அதற்கு.

நீரிழிவைத் தீர்ப்போம், புற்றுநோயைப் போக்குவோம் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. சட்டமும் இருக்கிறது, கசாயமும் விற்கிறது! ஆகவே, காவலைச் சட்டத்திடம் மட்டும் ஒப்படைத்து உறங்கலாகாது. 1997ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழகத்தின் ஏடு, இணையத்து மருத்துவச் செய்திகளை உரைத்துப் பார்க்க நான்கு கேள்விகளை வகுத்தது. சொல்பவர் யார், அவர் கற்றது என்ன? எந்த ஆதாரத்தைக் காட்டுகிறார்? யார் பணத்தில் பேசுகிறார், எதை விற்கிறார்? எப்போது சொன்னது? வெள்ளை அங்கி அணிந்தவரேயாயினும், இந்நான்கிற்கும் விடை தராதவரை நம்பவேண்டாம்.

ஆனால், ஏமாந்தவரை எள்ளி நகையாடுவது நம் வேலையன்று. ஏழை ஏன் திரையை நாடுகிறான்? மருத்துவர் தருவது இரண்டு நிமிடம். சீட்டிலே ஆங்கிலம். ஐயம் கேட்டால் சிடுசிடுப்பு. போலியோ, "அம்மா, அய்யா" என்றழைத்து, அமைதியாக, அழகு தமிழில், அரைமணி நேரம் பேசுகிறான்! மெய்க்குத் தமிழ் தெரியாதபோது, பொய் தமிழிலே கோலோச்சுகிறது.

மருத்துவத்தைத் தமிழிலே சொல்ல முடியாதென்பார்க்கு ஒன்று சொல்வோம். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் கற்று, மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தந்தார். கடல் கடந்து வந்தவருக்கு முடிந்தது, இந்த மண்ணில் பிறந்து, மக்கள் வரிப்பணத்தில் மருத்துவம் கற்றவருக்கு முடியாதா?

மருத்துவம் பயின்ற தோழர்களே! அதே திரையில் நீங்களும் தோன்றுங்கள். ஆதாரம் காட்டுங்கள், எதையும் விற்காதீர்கள், எப்போது மருத்துவமனைக்கு ஓடவேண்டும் என்பதைத் தெளிவுறச் சொல்லுங்கள். மற்றத் தோழர்கள், வந்த செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன் அந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். விடையில்லையேல், உங்கள் கையோடு நிற்கட்டும் அந்தப் பொய்!